மாப்பிள்ளைக்கு விழ வேண்டிய திட்டு

எண்பதுகளின் கடைசியில் திருச்சுழி ரோட்டில் இருந்த ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில் எடை போடுகிறவனாகச் சேர்ந்தேன். ஜின்னிங் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சுற்றுப்பட்டிச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், கொண்டுவரும் பருத்தியை மெஷினில் விட்டு, பஞ்சு வேறு, கொட்டை வேறு என்று பிரிப்பார்கள். பஞ்சு நூல் மில்லுக்குப் போகும், கொட்டை மாட்டுக்குப் போகும். மூட்டையைத் தராசில் ஏற்றி எடை சொல்வதும், சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்து, தண்ணீர் தெளித்த பருத்தியாக இருந்தால் திருப்பி அனுப்புவதும் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி அவர் திட்டுவது ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடை வரைக்கும் கேட்கும். லாரி டிரைவர், மோட்டார் மெக்கானிக், பஞ்சில் தூசி பொறுக்குகிற பெண்கள் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. கரண்ட் கட்டானால் மின்சார வாரியத்தையே நடு முற்றத்தில் நின்று திட்டுவார். அப்படிப்பட்டவரால் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைத் திட்ட முடியவில்லை. அவர் தன் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு ஊர் காரியாபட்டிப் பக்கம். மாமனார் அவரை ஃபேக்டரியின் மேனேஜராக வைத்திருந்தார். மேனேஜருக்கு அறையில் மேஜை இருந்தும், முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, பேப்பரில் சினிமாப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். நல்ல மனிதர். வேலை மட்டும் செய்ய மாட்டார், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் குடிப்பார். வேறு யாராக இருந்தாலும் முதலாளி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவர் மனிதக் கணக்கில் வர மாட்டார். அவர் வந்தால் மாமனார் எழுந்து நிற்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து 'எங்கே போனீர்கள்' என்று கேட்கக்கூடாது. தலைதீபாவளிக்கு வந்தவரிடம் இலையைப் பார்த்து, "கறி போதுமா மாப்ளே?" என்று நம் முதலாளி கேட்டுவிட்டார். அவ்வளவு சாப்பிட்டது போதும் என்று சொல்கிறார் என மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு, கை கழுவிய கையோடு பஸ் ஏறிவிட்டார். பெரிய மனிதர்கள் நாலு பேர் போய்ச் சமாதானம் பேசி அழைத்துவர ஒரு மாதம் ஆனது. அதிலிருந்து முதலாளிக்கு மாப்பிள்ளையைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நான் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டது ஒரு பெரிய வெள்ளிக்கிழமைக்கு மறுநாள். வெள்ளியன்று எனக்கு லீவு. நாள் முழுக்கச் சர்ச்சில் இருந்தேன். சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. முற்றத்தில் குவித்திருந்த பருத்தியைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்ல வேண்டிய மேனேஜர் சினிமாவுக்குப் போயிருந்தார். காலையில் முதலாளி வந்து பார்த்தபோது பருத்தி ஊறிப்போய்க் கிடந்தது. மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அந்தக் கோபம் வேறு வழியில்லாமல் முற்றத்தைச் சுற்றி வந்து, டீ டம்ளரோடு நின்றிருந்த என்மேல் விழுந்தது.

"ஏலே! மழை இருட்டிக்கிட்டு வருது, ஒரு தார்ப்பாய எடுத்துப் போடத் துப்பில்லாதவனுக்கெல்லாம் எதுக்குடா வேலை? சினிமா கேக்குதோ, சினிமா?"

"மொதலாளி, நேத்து நான் லீவு. சர்ச்சுல இருந்தேன்."

"அத ஏண்டா எங்கிட்டச் சொல்ற?" என்றவர், இன்னும் சத்தமாகத் தொடர்ந்தார். கண் என் முகத்தில் இல்லை. என் தோளுக்கு மேலே, வேப்பமரத்தின் பக்கம் இருந்தது.

நம் ஊரில் ஜாடையாகப் பேசுவது புதிதல்ல. மருமகளைச் சொல்ல நினைக்கிற மாமியார் கோழியைத் திட்டுவாள். கோழிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குச் சம்பளம் கொடுத்து அந்தக் கோழியாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போகப்போக அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஏதாவது தப்புச் செய்தால் தராசடியில் இருக்கிற என்னை ஆள் விட்டு அழைப்பார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வேப்பமரத்துக்கும் முதலாளிக்கும் நடுவில் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் இங்கிட்டு வா" என்று முதலாளி இடம் சரிபார்த்துக்கொள்வார். மாப்பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், ஆனால் அவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கக்கூடாது. நான் தலையைக் குனிந்து, "தப்புதான் மொதலாளி, இனிமே செய்ய மாட்டேன்" என்று சொல்கிற வரைக்கும் திட்டு ஓயாது. அந்த வார்த்தை வந்ததும் அவருக்கு முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். மகளுக்கு நல்லகாலம் பிறந்துவிட்ட மாதிரி வீட்டுக்குச் சாப்பிடப் போவார்.

அவர் போனதும் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்வார். "அவரு அப்பிடித்தான். நீ மனசுல வச்சுக்கிறாத" என்பார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயும் கொஞ்சம் பாத்து நடந்துக்கிறலாம்ல?" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டே இருக்காது. அந்த இடத்தில்தான் எனக்குத் தலை கிறுகிறுக்கும்.

ஒருநாள் உண்மையாகவே நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு சம்சாரியின் மூட்டைக்கு எடையை மாற்றிச் சொல்லிவிட்டேன். நானே போய் முதலாளியிடம் ஒப்புக்கொண்டு திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "சரி விடு, பாத்துச் செய்யி" என்றார் மெதுவாக. என்னால் நம்ப முடியவில்லை. "ஒன் தப்புக்கும் ஒன்னையத் திட்டுனா மாப்ளே கொழம்பிப் போவாகடா. எது யாருக்குன்னு தெரியாமப் போயிரும்" என்று விளக்கமும் சொன்னார். பொங்கலுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தபோதும் என் எடையைப் பற்றியோ, நான் திருப்பி அனுப்பிய ஈரப் பருத்தியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "நீ நல்லா நிக்கிற" என்றார்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். வீட்டில் நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒருவனை நிறுத்தி வைத்துச் சோம்பேறி, தூங்குமூஞ்சி, குடிகாரன், துப்புக்கெட்டவன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், காது கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? எனக்கு மத்தியானத்தில் உண்மையாகவே தூக்கம் வர ஆரம்பித்தது. முதலாளியின் கார் சத்தம் கேட்டால், ஒரு தப்பும் செய்யாமலே தராசுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எடை சொல்லும்போது குரல் கம்மியது. புதிதாகத் தூசி பொறுக்க வந்த ஓர் அக்கா, "இந்த வயசுல ஒனக்கு எதுக்குத் தம்பி அந்தக் கருமம்? மாதா கோயிலுக்கு நேந்துக்கிட்டு விட்ருப்பா" என்று கண்கலங்கச் சொன்னார். நான் ஜென்மத்தில் குடித்ததில்லை. ஆனாலும், "சரிக்கா, விட்ருறேன்" என்று சொன்னேன். வாய் பழகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண்ணின் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், பருத்தி போடுகிற காடும் கொஞ்சம் இருந்தது. பெண்ணைப் போய்ப் பார்த்த அன்று அவர் ஏதோ ஒரு சாவுக்குப் போயிருந்தார். அவள் டம்ளரை நீட்டும்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்றால், பஸ்ஸில் திரும்பி வருகிறபோது டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் ஏச்சு வாங்குகிற அளவுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்து இரண்டு ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் பூசையில் அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர்.

வாத்தியார் விவரமான ஆள். ஓலைக்கு முன்னால், தனக்கு மாப்பிள்ளையாக வரப்போகிற நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று, தன் காட்டில் விளைந்த பருத்தியில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். எனக்கு அவர் யார் என்று தெரியாது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, "நல்ல காஞ்ச பருத்திங்கய்யா" என்றேன். அவருக்குச் சந்தோஷம். எடையைச் சரியாகச் சொன்னதும் என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து, பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் பீடியைப் போட்டுவிட்டார். குப்பென்று பிடித்துக்கொண்டது. நாங்கள் எல்லோரும் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். அப்போது மதுரைக்குப் போயிருந்த முதலாளிக்குச் சேதி காலையில்தான் தெரிந்தது. நான் வாத்தியாரின் மூட்டையைத் தராசிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது கார் வந்து நின்றது. "இங்க வாடா!" என்று ஒரு சத்தம். வேப்பமரத்தடியில் மாப்பிள்ளை. நான் போய் என் இடத்தில் நின்றேன்.

"குடிச்சிட்டு வந்து பஞ்சுக்குள்ள பீடி போடுறவன் மனுசனாடா? ஒன்னைய நம்பி ஒருத்தன் பொண்ணக் குடுத்திருக்கான்ல? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தி வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கால்ல? அந்தப் பச்ச மண்ணு மூஞ்சியையாவது நெனச்சுப் பாத்தியாடா?"

அன்றைக்கு அவர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். எனக்கும் பாவமாக இருந்தது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வழக்கத்தைவிட நன்றாகவே தலையைக் குனிந்து, கொஞ்சம் சேர்த்தே சொன்னேன்.

"தப்புதான் மொதலாளி. இனிமே குடிக்க மாட்டேன். அவள அழுக விடமாட்டேன். பிள்ளை மேல சத்தியம்."

திரும்பி வந்து பார்த்தால் அந்த ஐயாவைக் காணவில்லை. பருத்தி மூட்டை மட்டும் தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. விலைகூடப் பேசாமல் இப்படி ஓடுகிற சம்சாரியை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. "எங்களுக்குத் தெரியாம எங்கடா குடும்பம் வச்சிருக்க?" என்றார். அப்பா கடைசியில் மெல்ல, "பிள்ளை ஆணா, பொண்ணா?" என்று கேட்டார். ஃபேக்டரிக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லி அவர்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் ஒரு வாத்தியார் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, நானே சத்தியம் செய்ததாகச் சொல்லும்போது என் கதை எடுபடவில்லை. ஓலை வாசிக்கக் கூடாது என்று அவர் ஃபாதரிடமும் சொல்லிவிட்டாராம். அவளும் இதை நம்பியிருப்பாள்.

மறுநாள் முதலாளியின் காலில் விழாத குறை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் மொதலாளி. அந்தத் திட்டு எனக்கு இல்லைன்னு."

"எம்மாப்ளே குடிகாரருன்னு ஊரு விட்டு ஊரு போயி நானே சொல்லவா?" என்று துள்ளினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஒன்னையப் பத்தி நல்லபடியாச் சொல்றேன். மத்ததக் கேக்காத" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். காரை ஓட்டியது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளை. வெளியூருக்குப் போகும்போது மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் அது ஒரு வருத்தமாகிவிடுமாம்.

வாத்தியார் வீட்டில் முறுக்கு வைத்தார்கள். முதலாளி என்னைப் புகழ்ந்து தள்ளினார். சொக்கத்தங்கம் என்றார். குடி கிடையாது, பீடி கிடையாது, மத்தியானத்தில் கண்ணை மூட மாட்டான், கல்யாணமே ஆகவில்லை என்றார். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னைக்கு நீங்க யாரத் திட்டுனீக?" என்றார்.

"அது வேற ஒருத்தரு."

"அங்க நின்னது இவருதான?"

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகம் தேய்ந்ததுதான் மிச்சம். அப்போது முறுக்கைக் கடித்துக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார்.

"என்னையத்தாங்க. மாமாவுக்கு என்னைய வையணும்னா இவனத்தான் வைவாரு. ரொம்ப நாளாவே அப்பிடித்தான்."

கூரையே இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. இந்த மனிதருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சுமாண்ணே திருந்தல?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலயே" என்றார் அவர். அவர் நியாயம் அவருக்கு.

முதலாளி துள்ளி எழுந்தார். மாப்பிள்ளை தன் வாயால் தன்னைக் குறைத்துப் பேசியது அவருக்குத் தாங்கவில்லை. கை என் பக்கம் நீண்டது. "ஏலே! நாலு பேரு இருக்க எடத்துல இப்பிடியாடா பேசுவ? குடும்ப மானம் என்னத்துக்காகும்?" என்றார். நான் உடனே எழுந்து, தலையைக் குனிந்து, "தப்புதான் மொதலாளி" என்றேன்.

வாத்தியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவருக்குச் சாட்சி தேவையில்லை. என்னிடம் மரியாதையாகவே சொன்னார்.

"தம்பி, நீங்க குடிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. பொண்டாட்டி பிள்ளை இல்லைன்னும் தெரிஞ்சுபோச்சு. குடிகாரன்னாக்கூடத் திருத்திப் பாக்கலாம். செய்யாத தப்புக்கு வருசக்கணக்கா தலையக் குனிஞ்சு நிக்கிறவர என்ன பண்றது? நாளைக்கு எம்மகள யாரும் ஒண்ணு சொன்னா, அப்பவும் இப்பிடித்தான நிப்பீக?"

என்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நிரூபித்துவிட்டு, அந்தக் காரணத்துக்காகவே பெண் இல்லை என்று சொல்லிவிட்டார். திரும்புகிற வழியில் காரில் எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் பெரிய அவமானம்.

திங்கட்கிழமை காலையில் ஆள் வந்தது. முதலாளி முற்றத்தில் நின்றார். மாப்பிள்ளை மரத்தடியில். நான் போய் நடுவில் நின்றேன். "பெரியவுக பேசுற எடத்துல குறுக்க பேசுற பழக்கம் எங்கயிருந்துடா வந்துச்சு?" என்று ஆரம்பித்தார். நான் ஓரடி நகர்ந்து நின்றேன். அவரும் நகர்ந்து என்னை நடுவில் கொண்டுவந்து விட்டுத் தொடர்ந்தார். நான் மறுபடி நகர்ந்தேன். மறுபடி அவரும் நகர்ந்தார். தூசி பொறுக்குகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நான் முழுசாக விலகி, தராசுப் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன்.

"மொதலாளி, அவுக அங்கதான் இருக்காக. அவுககிட்டயே சொல்லுங்க."

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை. மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். நிஜமாகவே காத்திருந்த மாதிரித்தான் தெரிந்தது. முதலாளி அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்துக் கோபமும் இப்போது வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"வெயிலு ஏறுது மாப்ளே" என்றார் முதலாளி. "உள்ள வந்து உக்காருங்களேன்."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னார். அது எனக்கே எனக்கானது.

நேராக நரிக்குடி பஸ்ஸைப் பிடித்தேன். வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு நாடியைத் தடவினார். "சரிதான். ஆனா இப்ப வேலையில்லையே தம்பி" என்றார். அப்போது அவள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்று, அப்பாவைக் கேட்காமல் என்னையே கேட்டாள்.

"அத்தன வருசம் ஏன் பேசாம நின்னீக?"

"மொதல்ல எனக்கு இல்லைன்னு நெனச்சு நின்னேன்" என்றேன். "போகப்போக எனக்குத்தான்னு நெனச்சுட்டேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். வாத்தியார் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டு, "வேல தேடிக்கிறலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். ஆண்கள் பக்கம் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். ஃபாதர் என் பெயரைச் சத்தமாக வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார். என் பெயர் அப்படிச் சத்தமாக விழுந்ததும் என் தலை தானாகக் குனிந்துகொண்டது. 'தப்புதான்' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அப்பா முழங்கையால் இடித்தார். "நிமிருலே" என்றார்.

நிமிர்ந்தேன். கோயில் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.